எஸ்பிரெஸோ மெஷின் வாங்கும் முன் அந்த '20 பார்' ஸ்டிக்கரை மறந்துவிடுங்கள்

இந்த வாரமும் ஒருவர் வந்தார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த 15 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மெஷினைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, பெட்டியில் 20 பார் என்று போட்டிருந்த வேறொன்றை 35,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார். இரண்டிலும் ஒரே குறைதான். காபி தண்ணீராக இறங்குகிறது, மேலே நுரை நிற்பதில்லை. "பம்பில் சக்தி இல்லை சார், மாற்றிக் கொடுங்கள்" என்றார். தூள் போட்டு மாட்டும் கைப்பிடியின் இடத்தில் அழுத்தமானி பொருத்திய ஒன்றை மாட்டிப் பார்த்தேன். பம்ப் புதிது போல வேலை செய்தது. அவர் கொண்டுவந்திருந்த தூளை உள்ளங்கையில் கொட்டிக் கட்டைவிரலால் தேய்த்தேன். பாதி மாவு, பாதி ரவை, விரலில் லேசான பிசுபிசுப்பு. மிக்ஸியில் அரைத்து, சிக்கரியும் கலந்த தூள். அதை எந்த மெஷினில் போட்டாலும் அப்படித்தான் இறங்கும்.

கோவையில் காபி மெஷின் பழுது பார்ப்பது என் தொழில். கடைகளின் பெரிய மெஷின்கள்தான் முக்கிய வேலை என்றாலும், வீட்டு மெஷின்களின் வரத்து சில வருடங்களாகவே கூடிவிட்டது. அவற்றில் பெரும்பாலானவை மெஷினின் கோளாறால் என் மேசைக்கு வருவதில்லை. கடையில் கேட்க வேண்டியதைக் கேட்காமல், கேட்க வேண்டாததைக் கேட்டு வாங்கியதால் வருகின்றன. 25,000 ரூபாயிலிருந்து 70,000 வரை செலவழிக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தயவுசெய்து பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்.

முதலில் இந்த பார் விவகாரம். எஸ்பிரெஸோவுக்குக் காபித் தூளின் மேல் வேண்டியது ஏறக்குறைய 9 பார் அழுத்தம். அவ்வளவுதான். இத்தாலியில் அக்கிலே காஜியா 1948-இல் ஸ்பிரிங் வைத்த லீவர் மெஷினைக் கொண்டுவந்தபோதுதான் இந்த அளவு அழுத்தமும், கிரீமா என்கிற பொன்னிற நுரையும் காபிக்குக் கிடைத்தன. 1961-இல் ஃபாயெமா நிறுவனத்தின் இ61 மெஷின், கையால் இழுக்கும் வேலையை மின்சார பம்பிடம் கொடுத்து 9 பாரை நிலையாக நிறுத்தியது. இன்று பல லட்சம் கொடுத்துக் கடைக்காரர்கள் வாங்கும் மெஷின்களையும் 9 பாரை ஒட்டித்தான் வைத்துக் கொடுக்கிறோம். லட்சக்கணக்கில் விலைபோகும் மெஷினே 9-இல் நிற்கும்போது, பன்னிரண்டாயிரம் ரூபாய் மெஷினுக்கு 20 எதற்கு? விற்பதற்கு. வேறு ஒரு காரணமும் இல்லை.

9 பார் குறைவு என்றும் நினைத்துவிடாதீர்கள். 90 மீட்டர் உயரத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டினால் அதன் அடியில் கிடைக்கும் அழுத்தம் அது. நம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தரைத்தளக் குழாய்க்கு ஒரு பார் வந்தாலே பெரிது.

அப்படியானால் பெட்டியில் உள்ள எண் என்ன? பம்பின் வாயை முழுக்க அடைத்து, ஒரு சொட்டுகூட வெளியேறாத நிலையில் அது எட்டக்கூடிய உச்சம். தண்ணீர் ஓடத் தொடங்கியதும் அந்த எண் இறங்கிவிடும். காபியின் மேல் உண்மையில் எவ்வளவு அழுத்தம் ஏறும் என்பதை முடிவுசெய்வது தூள்தான். தண்ணீரைத் தூள் தடுத்தால்தான் அழுத்தம் பிறக்கும். ரவை போன்ற தூளைப் போட்டுப் பாருங்கள், 20 பார் பம்பும் 2, 3 பாரைத் தாண்டத் திணறும். நைசாக, ஒரே சீராக அரைத்து அழுத்திவைத்தால் 15 பார் பம்ப் 9-ஐச் சுலபமாகத் தாண்டிவிடும். தாண்டுவதும் நல்லதில்லை. அளவுக்கு மீறிய அழுத்தத்தில் தண்ணீர் தூளுக்குள் எங்காவது ஒரு சந்து கண்டுபிடித்து அதன் வழியே பீறிட்டு ஓடும். அந்த இடத்துத் தூள் கசப்பைக் கக்கும், மற்ற இடம் சாரம் இறங்காமல் கிடக்கும். ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வருவது இதனால்தான். இதைத் தடுக்கத்தான் நல்ல மெஷின்களில் கூடுதல் அழுத்தத்தைத் திருப்பிவிடும் ஒரு வால்வு இருக்கும். ஓவர் பிரஷர் வால்வு என்போம். "எத்தனை பார்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இந்த வால்வு இருக்கிறதா, எத்தனை பாரில் வைத்திருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். விற்பவருக்குக் கேள்வியே புரியவில்லை என்றால் அவரிடம் விவரம் கேட்டுப் பயனில்லை.

"என் பழைய மெஷினில் எந்தத் தூளைப் போட்டாலும் நுரை வந்ததே" என்பார்கள். வந்திருக்கும். அதில் தூள் போடும் துளைக்கிண்ணத்தை, அதாவது பாஸ்கெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்ளே நூற்றுக்கணக்கான துளைகள் தெரியும். திருப்பிப் பார்த்தால் அடியில் ஊசி முனை அளவுக்கு ஒரே ஒரு துளை. இரட்டைச் சுவர் பாஸ்கெட் அது. தூள் உண்டாக்க வேண்டிய அழுத்தத்தை அந்த ஊசித்துளை உண்டாக்கி, காபியைப் பீய்ச்சி நுரைக்க வைக்கிறது. கடையில் அரைத்த தூளை மட்டுமே பயன்படுத்துவேன் என்பவருக்கு அது உதவும், தவறில்லை. ஆனால் அந்த நுரையைக் கிரீமா என்று நம்பி அரை லட்சம் செலவழிக்காதீர்கள். வாங்கும் மெஷினுக்கு அடி முழுக்கத் துளை உள்ள சாதாரண ஒற்றைச் சுவர் பாஸ்கெட் கூடவே வருகிறதா, அல்லது தனியாகவாவது கிடைக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இனி காபிக் கொட்டை அரைக்கும் கிரைண்டர். இதை எத்தனை முறை சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை. 50,000 ரூபாய் இருந்தால் 50,000-க்கும் மெஷினையே வாங்கிவிட்டு, "மிக்ஸி இருக்கிறதே" என்கிறார்கள். மிக்ஸியின் பிளேடு கொட்டையை அரைப்பதில்லை, அடித்து நொறுக்குகிறது. மாவும் குருணையும் சேர்ந்துதான் விழும், எவ்வளவு நேரம் ஓட்டினாலும் அதுதான் கதி. எஸ்பிரெஸோவுக்கு 18 கிராம் தூளிலிருந்து 36 கிராம் அளவுக்குக் காபி, 25 முதல் 30 வினாடிக்குள் இறங்க வேண்டும் என்பது தொடங்குவதற்கான ஒரு கணக்கு. 15 வினாடியில் ஓடிவிட்டால் இன்னும் நைசாக, 45 வினாடி இழுத்தால் கொஞ்சம் பருமனாக என்று ஒரு மயிரிழை மாற்றக்கூடிய கிரைண்டர் இல்லாமல் இந்தக் கணக்கை எட்ட வழியே இல்லை. மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது கிரைண்டருக்கு ஒதுக்குங்கள். மின்சாரக் கிரைண்டருக்குப் பணம் போதவில்லையா, எஸ்பிரெஸோவுக்கென்றே செய்த கைக்கிரைண்டர் வாங்குங்கள். ஒன்றிரண்டு கோப்பைக்குத் தாராளமாகப் போதும். சுமாரான மெஷினும் நல்ல கிரைண்டரும் சேர்ந்தால் நல்ல காபி வரும். இதைத் தலைகீழாகச் செய்தவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள்.

சிக்கரி கலந்த ஃபில்டர் காபித் தூளை எஸ்பிரெஸோ மெஷினில் போடவே போடாதீர்கள். 80க்கு 20, 60க்கு 40 எல்லாம் பித்தளை ஃபில்டருக்கான கலவை. சிக்கரி நீரில் கரைந்து பிசினாகிப் பாஸ்கெட்டின் துளைகளை அடைக்கும். மேலே தூளின் மீது நீரைத் தூவும் சல்லடையான ஷவர் ஸ்கிரீனில் ஏறி, அங்கிருந்து நீரைத் திறந்து மூடும் சாலினாய்டு வால்வுக்குள் போய் உட்காரும். கழற்றினால் கறுப்புப் பசையாக ஒட்டிக்கொண்டிருக்கும், சுரண்டித்தான் எடுக்க வேண்டும். தூய காபி மட்டும் போதும். ரோபஸ்டா வகைக் கொட்டை கலந்தால் தரக்குறைவு என்று வருந்தவும் வேண்டாம். நம் நாட்டு ரோபஸ்டாவை இத்தாலிக்காரர்களே வாங்கித் தங்கள் எஸ்பிரெஸோ கலவைகளில் சேர்க்கிறார்கள். இன்னொன்று, இன்று காலை வறுத்த கொட்டையை இன்றே மெஷினில் போட ஆசைப்படாதீர்கள். உள்ளே இருக்கும் வாயு வெளியேறாமல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி இறங்கும். ஒரு வாரம் விட்டுப் பிறகு தொடங்குங்கள்.

மெஷினின் வகையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். இந்த விலையில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, குறுகலான பாதையில் ஓடும் நீரைச் சூடாக்கும், சில வினாடிகளில் தயாராகும் தெர்மோபிளாக் வகை. டெலோங்கி டெடிகா, பிரெவில் பம்பினோ போன்றவை இதில் அடங்கும். இன்னொன்று, காபிக்கும் நீராவிக்கும் ஒரே கொதிகலன் உள்ள ஒற்றை பாய்லர் வகை. காஜியா கிளாசிக், ரான்சிலியோ சில்வியா இதில் வரும். ஒற்றை பாய்லரில் காபி இறக்கும்போதே பாலை நுரைக்க முடியாது. காபிக்கு 90 முதல் 96 டிகிரி போதும், நீராவிக்கு அதைவிட வெகு அதிகம் வேண்டும். காபி இறக்கியபின் காத்திருந்து, பாலை முடித்து, அடுத்த காபிக்கு முன் கொதிநீரைச் சற்று வெளியே விட்டுச் சூட்டை இறக்க வேண்டும். ஒருவர் இருவருக்கு இது சிரமமே இல்லை. வீட்டில் ஆறு பேர், எல்லோருக்கும் காலை ஆறரைக்குப் பால் காபி என்றால் எஸ்பிரெஸோ மெஷின் வாங்காதீர்கள். ஃபில்டரில் இரவே டிகாக்ஷன் இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். மனப்பூர்வமாகச் சொல்கிறேன், அந்த வீட்டுக்கு அதுதான் சரியான கருவி.

உதிரி பாகம் கிடைக்குமா என்று பாருங்கள். சில்வியா 1997 முதல் சந்தையில் இருக்கிறது, கிளாசிக் அதற்கும் முந்தையது. இரண்டும் கடை மெஷின்களைப் போல 58 மில்லிமீட்டர் அளவு பாஸ்கெட் கொண்டவை, அதனால் பாஸ்கெட்டும் தூளை அழுத்தும் டேம்பரும் எங்கும் கிடைக்கும். ஊர் பேர் தெரியாத ஒரு மெஷினில் சாதாரண ரப்பர் கேஸ்கெட் தேய்ந்துவிட்டால்கூட மாற்றுக்கு நான் எங்கே போவேன்? சில நூறு ரூபாய்ப் பொருள் இல்லாமல் முழு மெஷினும் பரணுக்குப் போய்விடுகிறது. உங்கள் ஊரில் சர்வீஸ் உண்டா என்பதை விற்பவரிடம் கேட்காதீர்கள். சர்வீஸ் எண்ணை நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கோவைக்காரர்களுக்கு ஒரு பாக்கியம் உண்டு. சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டு மெஷின்களைத் திறந்தால் பாய்லர் பளிச்சென்று இருக்கும். சரவணம்பட்டி, காளப்பட்டிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருக்கும் அடுக்குமாடி வீடுகளிலிருந்து வருபவற்றில் வெள்ளை ஓடு பிடித்திருக்கும். தெர்மோபிளாக்கின் நீர்ப்பாதை மிகக் குறுகலானது, உப்பு படிந்தால் முதலில் அடைவது அதுதான். போர் தண்ணீரை ஊற்றவே கூடாது. ஆர்.ஓ. நீர் ஊற்றலாம், ஆனால் டிடிஎஸ் (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 10, 20 என்று வெறுமையாக இருந்தால் காபி சப்பென்று போகும், உலோகத்துக்கும் நல்லதில்லை. 75-க்கும் 150-க்கும் இடையில் இருக்கும்படி ஆர்.ஓ. மெக்கானிக்கிடம் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். படிந்த உப்பை நீக்க, மெஷின் தயாரிப்பாளர் சொன்ன திரவத்தைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். வீடியோ பார்த்து வினிகர் ஊற்றிக் கொதிக்கவிட்ட மெஷின்களின் வாடை வாரக்கணக்கில் போவதில்லை, ரப்பரும் கெடுகிறது.

பால் நுரைத்த குழாயைக் கையோடு ஈரத்துணியால் துடைத்து, ஒரு நொடி நீராவியைத் திறந்துவிடுங்கள். செய்யாவிட்டால் பாய்லர் ஆறும்போது பாலை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படி வந்த ஒரு மெஷினைத் திறந்தபோது அடித்த புளித்த வாடையில் பட்டறையில் யாரும் நிற்க முடியவில்லை. அந்த பாய்லரின் நீரில்தான் அந்தக் குடும்பம் காபி குடித்துக்கொண்டிருந்தது.

கடைசியாக மின்சாரம். அமெரிக்காவிலிருந்து மகனோ மருமகளோ கொண்டுவரும் மெஷினை இங்கே நேரடியாக மாட்டினால், 120 வோல்ட் ஹீட்டரில் 230 வோல்ட் பாயும். ஏறக்குறைய நான்கு மடங்கு சூடு. ஃபியூஸ் போவது அதிர்ஷ்டம். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்டேஜ் மட்டும் சரியாகும், மின்சாரத்தின் அதிர்வெண் அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50 ஆகவே இருக்கும். அதிரும் பம்புகள் அந்த ஹெர்ட்ஸுக்கு ஏற்பத்தான் அடிக்கும் என்பதால் அங்கே ஓடியது போல இங்கே ஓடாது. அங்கே கொஞ்சம் மலிவு என்பதற்காக இந்தத் தலைவலியைத் தேடிப்போகாதீர்கள்.

இங்கே வாங்கும் மெஷின்களில் பலவும் 1,300 முதல் 1,500 வாட் வரை இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கின் எல்லை 230 வோல்ட்டில் 1,380 வாட்தான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மிக்ஸியோடு சேர்த்து மாட்டி, உருகிப்போன பிளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். 16 ஆம்பியர் பாயிண்ட்டில் தனியாக மாட்டுங்கள். அந்தப் பாயிண்ட் இல்லையென்று மூன்றாவது பின்னை உடைத்துவிட்டோ, இரண்டு பின் அடாப்டர் போட்டோ மாட்டுகிறவர்களிடம்தான் எனக்குக் கோபமே வருகிறது. அது எர்த். தண்ணீரும் ஹீட்டரும் ஒரே உலோகப் பெட்டிக்குள் இருக்கும் கருவி இது. ஹீட்டரில் ஒரு விரிசல் விட்டால் அந்த உடம்பு முழுக்க மின்சாரம் ஏறும், ஈரக்கையோடு அதைத் தொடுபவர் உங்கள் அம்மாவாகவோ குழந்தையாகவோ இருக்கலாம். மெஷினைப் போட்டவுடன் இ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால், அதைக் கயிறு கட்டியோ இணைப்பை மாற்றியோ ஏமாற்றாதீர்கள், மெஷினைக் கழற்றி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். உங்கள் வீட்டில் இப்போது மூன்றாவது பின் இல்லாமல் ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தால், நாளைக் காலைக் காபிக்கு முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிடுங்கள்.