கேள்வி முடியும் முன்பே விரலில் பதில்

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். இரண்டு ஆண்டுகளாக லீட் கிட்டார், அதாவது பாட்டின் நடுவே தனி மெட்டாக ஒலிக்கும் கிட்டார், கற்கிறார். ஏ மைனர் பென்டடோனிக் என்ற ஐந்து சுர ஸ்கேலின் ஐந்து விரல் வடிவங்களும் கண்ணை மூடிக்கொண்டே வாசிக்க வரும். ஆனால் பின்னணி இசைப் பதிவான பேக்கிங் ட்ராக்கைப் போட்டு, மனதில் தோன்றுவதை வாசி என்றால் மட்டும் விரல்கள் மாடிப்படி ஏறி இறங்குவதுபோல ஸ்கேலையே ஓட்டுகின்றன. புதிதாகக் கிடைத்த ஆசிரியர் ட்ராக்கை நிறுத்திவிட்டு எதிரே உட்கார்ந்து, "நான் ஒரு வரி வாசிக்கிறேன், நீங்க பதில் வாசிங்க" என்றாராம். சில வாரங்களில் வாசிப்பில் பேச்சின் சாயல் வரத் தொடங்கிவிட்டது. "ஸ்கேல் அதேதான், விரலும் அதேதான். மூளைக்குள் என்ன மாறியது?" என்று கேட்கிறார்.

அருமையான கேள்வி. ஏ, சி, டி, இ, ஜி என்ற அந்த ஐந்து சுரங்கள் நம் சுத்த தன்யாசியின் சுரங்களேதான். ஒலி செவிப்பறையைத் தட்டி, நத்தைச்சுருள் வழியாக நரம்பேறி மூளையின் பக்கவாட்டுக்குப் போவதும், விரலை அசைக்கும் ஆணை மூளையின் இயக்கப் பகுதியிலிருந்து கிளம்புவதும் பள்ளியிலேயே படித்தவை. விஷயம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே போவதற்கு முன் கிட்டாரைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டுச் சாதாரணப் பேச்சைக் கவனிப்போம்.

"சாப்பிட்டாச்சா?" என்று ஒருவர் கேட்கிறார். "ஆச்சு" என்கிறார் மற்றவர். இரண்டுக்கும் இடையே எவ்வளவு நேரம்? நெதர்லாந்தின் மேக்ஸ் பிளாங்க் மொழியுளவியல் நிறுவன ஆய்வாளர்கள் 2009-ல் பத்து மொழிகளின் உரையாடல்களை அளந்து பார்த்தார்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளுக்குப் பின் விழுந்த இடைவெளி, சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஜப்பானியரிடம் அது பூஜ்யத்தை ஒட்டி இருந்தது. டென்மார்க்காரரிடம் அரை நொடியை நெருங்கியது. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை.

இப்போது இன்னொரு எண். ஒரு படத்தைக் காட்டி, அதன் பெயரைச் சொல் என்றால், நன்கு பழகிய ஒற்றைச் சொல்லை வாய் வரை கொண்டுவரவே மூளைக்கு 0.6 நொடி அளவுக்கு ஆகிறது. சொல்லைத் தேடி, ஒலிகளை அடுக்கி, நாக்குக்கும் உதட்டுக்கும் ஆணை அனுப்பியாக வேண்டும். அப்படியானால் 0.2 நொடியில் பதில் எப்படி வருகிறது? ஒரே வழிதான் உண்டு. எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே பதில் தயாராகத் தொடங்கிவிடுகிறது. அவர் எங்கே போய் முடிப்பார் என்று முன்கூட்டியே கணித்து, பதிலைக் கட்டி, நாக்கின் நுனியில் நிறுத்தி, குரல் இறங்கி கடைசி உயிர் நீளும் அந்தக் கணத்துக்காக மூளை காத்திருக்கிறது. கேட்பதும் சொல்வதும் ஒன்றன் பின் ஒன்றாக நடப்பதாக நமக்குத் தோன்றினாலும், உள்ளே இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக ஓடுகின்றன. இதை முதன்முதலில் படித்த நாளில் வீட்டில் யார் பேசினாலும் நான் அந்த இடைவெளியையே கவனித்துக்கொண்டிருந்தேன். தமிழில் கேள்வி என்ற சொல்லுக்கு வினா என்றும் பொருள், செவியால் கேட்டறிதல் என்றும் பொருள். குறளில் கேள்வி அதிகாரம் பேசுவது இரண்டாவதைத்தான். இந்த ஆய்வுகளைப் படித்த பிறகு, இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது.

இனி கிட்டாருக்கு வரலாம். லீட் கிட்டாரின் தாய்வீடு அமெரிக்கத் தென்மாநிலங்களின் ப்ளூஸ். பருத்திக் காடுகளில் ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் ஏற்றுப் பாடிய கறுப்பின மக்களின் வேலைப்பாட்டும், அவர்களுடைய தேவாலயப் பாட்டும் ஊறி வளர்ந்த இசை அது. பன்னிரண்டு பார் ப்ளூஸின் கட்டமைப்பிலேயே பதிலுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பார் என்பது நான்கு தட்டு கொண்ட தாள அளவு. நான்கு நான்கு பார்களாக மூன்று வரிகள். ஒவ்வொரு வரியிலும் பாடகர் பாதிக்குச் சற்று மேல் பாடிவிட்டு நிறுத்துவார், மிச்சம் கிட்டாருக்கு. நிமிடத்துக்கு 90 தட்டு வேகத்தில் ஒரு வரி ஏறத்தாழ 10.7 நொடி. பாட்டுக்கு ஆறு நொடி போக, பதிலுக்கு நாலரை நொடிக்குச் சற்று மேல் கிடைக்கும். இதில் நான் மிகவும் ரசிப்பது, முதல் வரியையே இரண்டாம் முறையும் பாடும் வழக்கத்தை. முதல் முறை கிட்டார்க்காரர் கேள்வி எங்கே முடியும் என்று ஊகிக்க வேண்டும். இரண்டாம் முறை அது தெரிந்த கேள்வி. ஊகிக்கும் சுமை குறைந்துவிட்டதால், மூளை அந்த உழைப்பைப் பதிலில் கொட்டலாம். நல்ல ப்ளூஸ் பதிவுகளில் இரண்டாவது பதில் முதலாவதைவிடத் துணிச்சலாக இருப்பதை நீங்களே கேட்டுப் பாருங்கள்.

நம் வாசகர் தனியாக ட்ராக்கோடு வாசித்தபோது அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கணிக்க ஒன்றுமில்லாததால், விரல் தான் பழகிய பாதையில் போனது. எதிரே ஆசிரியர் உட்கார்ந்ததும் காது வழிகாட்டத் தொடங்கியது. ஆனால் காது வழிகாட்டினால் விரலுக்குப் புரிய வேண்டுமே? அதற்கான இணைப்பு எவ்வளவு சீக்கிரம் உருவாகிறது என்பதை 2007-ல் வெளியான ஓர் ஆய்வு அழகாகக் காட்டியது. இசையே கற்காதவர்களுக்கு ஐந்து நாட்களில் ஒரு சின்ன பியானோத் துண்டைச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு மூளையைப் படம் பிடிக்கும் ஸ்கேனருக்குள் கையை அசைக்காமல் படுத்து அதைக் கேட்கச் சொன்னார்கள். கேட்டால் மட்டும் போதும் என்றிருந்தும், அசைவைத் திட்டமிடும் முன்மூளைப் பகுதிகள் விழித்துக்கொண்டன. அதே அளவு கேட்டுப் பழகி, ஆனால் வாசித்துப் பழகாத இசைக்கு அப்படி நடக்கவில்லை. ஒலி என்பது அவர்களுக்குப் பாதி அசைவாகவே மாறிவிட்டிருந்தது. ஐந்தே நாட்களில்!

அந்த இணைப்பு முற்றிய பிறகு இன்னொரு வியப்பு நடக்கிறது. தேர்ந்த பியானோக் கலைஞர்களின் தலையில் மின்முனை வைத்து அளந்தபோது, தவறான கட்டையை அழுத்துவதற்குச் சுமார் 0.1 நொடி முன்னதாகவே மூளையில் பிழைக்கான அலை எழுந்தது. அந்தத் தவறான சுரம் மற்றவற்றைவிட மெல்லவும் ஒலித்தது. அதாவது எந்த அசைவு எந்த ஒலியைத் தரும் என்று மூளை முன்பே அறிந்து, பிழையை நிறுத்த முடியாவிட்டாலும் அழுத்தத்தையாவது குறைத்துவிடுகிறது. விரலிலிருந்து ஒலிக்கு இந்த முன்னறிவு. ஒலியிலிருந்து விரலுக்கு அந்த ஐந்து நாள் இணைப்பு. கேள்வி–பதில் பயிற்சியில் ஒவ்வொரு சுற்றும் இரண்டு பாதையையும் ஒருசேர நடந்து தேய்க்கிறது.

ஜாஸில் நான்கு நான்கு பார்களாக மாறி மாறி வாசிப்பதையே ஸ்கேனரில் பார்த்தவர் சார்ல்ஸ் லிம்ப். காது அறுவை மருத்துவர், சாக்ஸபோனும் வாசிப்பவர். 2014-ல் வெளியான ஆய்வில் அவர் குழு 11 ஜாஸ் பியானோக் கலைஞர்களை ஒவ்வொருவராக ஸ்கேனரில் படுக்கவைத்து, மடியில் சிறிய பிளாஸ்டிக் கீபோர்டைக் கொடுத்து, வெளியே இருந்த இன்னொருவரோடு இசையால் பேசவைத்தது. எஃகுத் தந்தியும் காந்தப் பிக்கப்பும் உள்ள எலெக்ட்ரிக் கிட்டாரை அந்த ராட்சதக் காந்தத்தின் பக்கத்தில்கூடக் கொண்டுபோக முடியாது. மனப்பாடமாக மாறி மாறி வாசித்தபோது இருந்ததைவிட, கற்பனையாகப் பதில் வாசித்தபோது ப்ரோகா பகுதி உள்ளிட்ட, மொழியின் இலக்கணக் கட்டமைப்பைக் கையாளும் இடங்கள் சுறுசுறுப்பாயின. சொற்பொருளைக் கையாளும் பகுதிகள் அடங்கின. பொருளை ஒதுக்கிவிட்டு, வாக்கியம் கட்டும் இயந்திரத்தை மட்டும் மூளை இசைக்கு இரவல் எடுத்துக்கொள்கிறது. வாசிப்பில் பேச்சின் சாயல் வந்தது என்று நம் வாசகர் எழுதியது வெறும் உவமை இல்லை போலும்.

ஜாஸ்காரரை ஸ்கேனரில் படுக்கவைக்க மக்கள் பணம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. பக்கவாதத்தால் பேச்சிழந்த சிலரால் பாட முடியும். 1970-களில் பாஸ்டனில் அதைக்கொண்டே ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார்கள். சிகிச்சையாளர் ஒரு சிறு தொடரை ராகமாக இழுத்துச் சொல்வார். நோயாளி இடது கையால் தாளம் தட்டியபடி கூடவே பாடி, பிறகு தனியே திருப்பிப் பாடி, கடைசியில் கேள்விக்குப் பதிலாகவே அதைச் சொல்லப் பழகுவார். ப்ளூஸின் அதே கேள்வி–பதில்! 2019-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் இசையும் மூளையும் பற்றிய ஆய்வுகளுக்கு ஐந்தாண்டுக்கு 2 கோடி டாலர் ஒதுக்கின. மிகச் சரியான செலவு. தனி ஆவர்த்தனத்தின் குறைப்பில் மிருதங்கமும் கடமும் ஓர் ஆவர்த்தனம், அரை, கால் என்று சுருக்கிச் சுருக்கிப் பேசிக்கொள்வதை நாம் நூற்றுக்கணக்கான கச்சேரிகளில் கேட்டிருக்கிறோம். நேரம் சுருங்கச் சுருங்க மூளை நினைவை விட்டுக் கணிப்புக்கு எப்படித் தாவுகிறது என்பதை அறிய இதைவிட நல்ல சோதனை எது? இங்கே நிதி கொடுப்பவர்கள் இதற்கும் மனம் வைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கேட்கும்போது கை என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு பறவை வழி சொல்கிறது. ஈக்வடார் நாட்டின் அந்திசானா எரிமலைச் சரிவுகளில், மூங்கில் புதர்களில் வாழும் ஒருவகை ரென் குருவிகளில் ஆணும் பெண்ணும் அசைக்கு அசை மாற்றி ஒரே பறவைபோலப் பாடும். துணையின் குரல் காதில் விழும்போது, சொந்தப் பாட்டை இயக்கும் நரம்பணுக்கள் அடக்கப்படுகின்றன என்று 2021-ல் கண்டறிந்தார்கள். இது குருவியில் கண்டது. மனிதருக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் எதிராளி வாசிக்கும்போது தந்திகளை உள்ளங்கையால் அணைத்துவிட்டு உட்காருங்கள் என்று நான் சொல்வேன். கிட்டார்க்காரர்கள் பலர் அந்த நேரத்திலும் மெல்லத் தடவிக்கொண்டே இருப்பார்கள்.

கேள்வி ஞானம் பிறவியிலேயே வர வேண்டும், இசை ரத்தத்தில் ஓட வேண்டும் என்ற பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. மிசிசிப்பியில் இதைவிடப் பெரிய கதை உண்டு. ப்ளூஸ் கிட்டார்க்காரர் ராபர்ட் ஜான்சன் தொடக்கத்தில் சுமாராக வாசித்துக்கொண்டிருந்தவர். ஊரை விட்டுப் போய்த் திரும்பியபோது பெரியவர்களே வாயடைத்துப் போனார்கள். நாற்சந்தியில் சாத்தானிடம் ஆன்மாவை விற்றுவிட்டார் என்று கதை கிளம்பி இன்றும் உலவுகிறது. உண்மையில் அவர் போனது ஐக் ஜிம்மர்மன் என்ற கிட்டார்க்காரரிடம். தொந்தரவில்லாத அமைதிக்காக இரவில் இருவரும் இடுகாட்டில் கல்லறைகள்மேல் எதிரெதிரே உட்கார்ந்து வாசித்தார்கள் என்று ஜிம்மர்மனின் மகள் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஓர் இளைஞனின் உழைப்பையும் ஒரு குருவின் பொறுமையையும் தூக்கிச் சாத்தானிடம் கொடுத்துவிட்டோமே என்று எனக்கு வருத்தமாக இருக்கும்.

எதிரே உட்கார ஆள் இல்லாவிட்டால்? மறைந்த ப்ளூஸ் கலைஞர் பி. பி. கிங் பாடும்போது கிட்டார் வாசிக்க மாட்டார். பாடி நிறுத்துவார், கிட்டார் பேசும். அது முடிந்ததும் மறுபடி பாடுவார். கேள்வியும் பதிலும் ஒரே ஆளுக்குள். நம் வாசகரும் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை 90-ல் வைத்து ஒரு பார் முனகிவிட்டு, அடுத்த பாரில் கிட்டாரில் பதில் சொல்லலாம். ஒரு பார் 2.7 நொடிதான். மனதுக்குள் சொல்லிப் பார்த்து நிறுத்திவைக்கும் நினைவின் கொள்ளளவு சுமார் இரண்டு நொடி என்பதால், இடையில் மூச்சு விடும் சின்னச் சொற்றொடர் அதில் சரியாக அடங்கும். முதலில் முனகியதை அப்படியே திருப்பி வாசியுங்கள். அது வந்ததும், தொடக்கத்தை வைத்துக்கொண்டு முடிவை மட்டும் மாற்றுங்கள். பிறகு தாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு சுரங்களை மாற்றுங்கள். ஆரம்பத்தில் வாயில் வந்த சுரம் கிட்டார் கழுத்தின் எந்தக் கட்டத்தில் (ஃப்ரெட்டில்) இருக்கிறது என்று விரல் தடுமாறித் தேடும். அப்போது பழைய ஐந்து வடிவங்களுக்கு ஓடிவிடாமல், மெட்ரோனோமை நிறுத்திவிட்டு அந்த ஒரு சுரத்தைக் கண்டுபிடிக்கும் வரை முனகிக்கொண்டே இருங்கள்.