சான்றிதழ் காலாவதியான காலை

ஒரு அலுவலகத்தில் திங்கட்கிழமை காலை லேப்டாப்கள் வரிசையாக வைஃபையில் சேர மறுத்தன. யாரும் எந்த அமைப்பையும் மாற்றவில்லை. நெட்வொர்க்கில் யாரை அனுமதிப்பது என்று முடிவு செய்யும் ரேடியஸ் சர்வரின் லாகைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு வரியிலும் ஒரே காரணம்: சாதனத்தின் டிஜிட்டல் அடையாள அட்டையான சான்றிதழ் காலாவதி. சரியாக ஒரு வருடம் முன்பு, சாதன மேலாண்மை மென்பொருள் வழியாக அத்தனை இயந்திரங்களுக்கும் ஒரே நாளில் சான்றிதழ் அனுப்பியது நான்தான். புதுப்பிக்கும் விதியை எழுத விட்டுவிட்டேன். நெட்வொர்க்கில் நுழையச் சான்றிதழ் வேண்டும்; புதுச் சான்றிதழ் வந்து சேர நெட்வொர்க் வேண்டும். கேபிள் போர்ட்களிலும் அதே அடையாளச் சோதனை (802.1எக்ஸ்) இருந்ததால் அந்த வழியும் அடைபட்டுவிட்டது. போன் ஹாட்ஸ்பாட்டோடு மேசை மேசையாகப் போய் ஒவ்வொன்றாக மீட்டோம்.

சான்றிதழ் முறைக்கு மாறியதில் தவறில்லை. பாஸ்வேர்டை நம்பும் எம்எஸ்சாப்-வி2 முறை எவ்வளவு பலவீனமானது என்பது 2012-லேயே தெரிந்துவிட்டது. அதை உடைக்க டெஸ் என்ற பழைய குறியாக்க முறையின் ஒரே ஒரு 56 பிட் சாவியைத் தேடினால் போதும். அதனால் சான்றிதழை நம்பும் ஈஏபி-டிஎல்எஸ்தான் சரியான தேர்வு. ஆனால் முதல் சான்றிதழ் போய்ச் சேர்ந்ததுமே வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறோம்.

ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே புதுப்பிப்பு தொடங்கட்டும். ஒரு வருடச் சான்றிதழ் என்றால் நான்கு மாத அவகாசம். நீண்ட விடுப்பில் போனவரின் லேப்டாப்கூடத் தப்பிக்கும். அப்படியும் தவறினால் ஒதுங்க ஒரு தனி விலேன் (பிரித்து வைத்த நெட்வொர்க் பகுதி) வையுங்கள். அங்கிருந்து மேலாண்மை சர்வர், சான்றிதழ் சர்வர், நேர சர்வர் மட்டும் எட்டினால் போதும். நேர சர்வர் ஏன் என்று கேட்கலாம். மதர்போர்டு பேட்டரி செத்த ஒரு இயந்திரத்தின் கடிகாரம் பல வருடம் பின்னால் போய் நின்றது. அதன் கணக்கில் ரேடியஸ் சர்வரின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் இணைய மறுத்தது. கடிகாரத்தைத் திருத்தவும் நெட்வொர்க்தானே வேண்டும்!

ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் ஒரு குணம் உண்டு. விண்டோஸில் பயனர் சான்றிதழ் மட்டும் கொடுத்தால், யாரும் லாகின் செய்யாத இயந்திரம் நெட்வொர்க்குக்கு வெளியேதான் நிற்கும். கணினிக்கென்று தனிச் சான்றிதழ் வேண்டும். லினக்ஸில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜருக்கு சிஏவின் (சான்றிதழ் வழங்கும் அமைப்பின்) சான்றிதழைச் சொல்லாமல் விட்டால், சர்வர் யாரென்று பார்க்காமலே இணைந்துவிடும். போலி ஆக்சஸ் பாயிண்ட் வைப்பவருக்கு அது திறந்த கதவு. பொது சிஏவை நம்பச் சொல்லிவிட்டு சர்வரின் பெயரைக் குறிப்பிடாவிட்டாலும் ஆபத்துதான்: அதே சிஏவிடம் சான்றிதழ் வாங்கிய யாரும் உங்கள் சர்வராக வேடம் போடலாம். அப்புறம், சான்றிதழுக்குரிய ரகசியமான தனிச்சாவி எப்போதும் சாதனத்திலேயே, முடிந்தால் சாவிகளைப் பாதுகாக்கும் டிபிஎம் சிப்புக்குள், உருவாகட்டும். சர்வரில் உருவாக்கி அனுப்புவதை நான் ஏற்பதில்லை.

தொலைந்த லேப்டாப்பை மேலாண்மைப் பட்டியலிலிருந்து நீக்கினால் மட்டும் அதன் சான்றிதழ் சாகாது. அதை ரத்து செய்ய வேண்டும். ரத்துப் பட்டியலை ரேடியஸும் பார்க்க வேண்டும். இலவச ரேடியஸ் மென்பொருளான ஃப்ரீரேடியஸில் அந்தச் சோதனையை நாம்தான் இயக்க வேண்டும்.

இப்போது எந்த இடத்திலும் இதை அமைத்தவுடன் ஒரு சோதனை லேப்டாப்புக்கு ஒரே நாள் ஆயுளில் சான்றிதழ் கொடுத்து அணைத்து வைக்கிறேன். மூன்றாம் நாள் திறக்கும்போது, யாரும் கை வைக்காமல் அது தானாக நெட்வொர்க்குக்குள் வந்த பிறகுதான் மற்ற இயந்திரங்களுக்கு அனுப்புகிறேன்.