டூல்கிட்: கருவித்தொகுதி

டெஸ்க்டாப் மென்பொருள் எழுதுகிறவர்களிடம் டூல்கிட் என்றால் சாளரம், பொத்தான், மெனு, உரைப்பெட்டி போன்றவற்றை ஆயத்தமாகத் தரும் நிரலகம் (லைப்ரரி). கியூட், ஜிடிகே, டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ், டிகே, ஜாவாவின் ஸ்விங் எல்லாம் இந்த வகை. வரைந்து காட்டுவதோடு அதன் வேலை முடிவதில்லை. சுட்டியின் சொடுக்கையும் விசையழுத்தத்தையும் இயங்குதளத்திடமிருந்து வாங்கி, உரிய உறுப்புக்குக் கொண்டுசேர்க்கும் நிகழ்வுச் சுழலும் அதற்குள்தான் ஓடுகிறது.

கிட் என்ற ஆங்கிலச் சொல் இடைக்கால டச்சு மொழியின் 'கிட்டே'யிலிருந்து வந்தது. வளையமிட்ட மரப்பாத்திரம் என்பது அதன் பழைய பொருள். பின்னர் படைவீரன் சுமந்து செல்லும் உடைமைகளுக்கு ஆகி, அங்கிருந்து தொழிலாளி வேலையிடத்துக்குக் கொண்டுபோகும் கருவிகளுக்கும் பெயரானது. கணினிக்குள் கிட்டோடு பாக்ஸும் பெயர் பெற்றது. 1984இல் வந்த முதல் மெக்கின்டாஷின் 64 கிலோபைட் ரோமில், அதாவது அழியா நினைவகத்தில், இருந்த இடைமுக நிரல்களுக்கு டூல்பாக்ஸ் என்று பெயர். எம்ஐடி பல்கலைக்கழகத்தின் அதீனா திட்டத்தில், யுனிக்ஸ் கணினிகளில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் சாளர அமைப்புக்காக எழுதப்பட்டது எக்ஸ் டூல்கிட். பொத்தான் முதலிய உறுப்புகளுக்கு விட்ஜெட் என்ற பெயரைப் பரப்பியதும் அதுதான். மற்ற சொற்களெல்லாம் பொருந்தாத பொருள்களைச் சுமந்துகொண்டிருந்ததால் இதைத் தேர்ந்ததாக அதை உருவாக்கியவர்களே 1988இல் எழுதினார்கள்.

பின்வந்த பெயர்களில் 'டூல்கிட்' சுருங்கி ஒட்டிக்கொண்டது. டிகே என்பது அதன் சுருக்கமே. கிம்ப் படத்தொகுப்பி தொடக்கத்தில் மோட்டிஃப் என்ற டூல்கிட்டில் எழுதப்பட்டது. அதை மாற்ற உருவானது கிம்ப் டூல்கிட், அதாவது ஜிடிகே. கியூட்டின் ஆங்கிலப் பெயரில் இரண்டாம் எழுத்து டூல்கிட்டைக் குறிக்கிறது. முதல் எழுத்துக்குப் பெரிய காரணம் தேட வேண்டாம்: அதை எழுதியவர்களில் ஒருவர் ஈமேக்ஸ் உரைத்தொகுப்பியில் வைத்திருந்த எழுத்துருவில் அந்த எழுத்து அழகாக இருந்தது.

தமிழில் கருவிப்பெட்டி, கருவித்தொகுப்பு, கருவித்தொகுதி என மூன்றும் வழங்கக் காண்கிறோம். கருவிப்பெட்டியை விட்டுவிடலாம். தூரிகையும் அழிப்பானும் அடுக்கியிருக்கும் பலகத்துக்கு அந்தப் பெயர் வேண்டும். கிம்பிலேயே டூல்பாக்ஸ் என்று தனியாக ஒன்று இருக்கிறது. தொகுப்பு என்றால் கம்பைல் செய்வதா, பேக்கேஜா என்ற குழப்பம் வரும். எஞ்சுவது கருவித்தொகுதி. தொல்காப்பிய உரியியலில் 'கருவி தொகுதி' என்றே ஒரு நூற்பா உண்டு: கருவி என்ற சொல்லுக்கே தொகுதி என்று பொருள். மின்னலும் இடியும் சேர்ந்து வரும் மேகத்தைக் 'கருவி வானம்' என்றார்கள். அந்தக் கணக்கில் கருவித்தொகுதி என்பது தொகுதித்தொகுதி ஆகிவிடும்; இன்றைய வழக்கில் இடறாது. விட்ஜெட்டுக்கு 'இடைமுக உறுப்பு' போதும். புதுச்சொல் கட்ட வேண்டியதில்லை.

சட்டகம் என்ற ஃபிரேம்வொர்க்கோடு, அதாவது நிரலின் மொத்தக் கட்டமைப்பையும் தருவதோடு, இதைக் குழப்புவோர் உண்டு. எல்லைக்கோடு தெளிவானதல்ல. கியூட் வலைத்தொடர்பு, தரவுத்தளம் வரை தருவதால் அதைச் சட்டகம் என்பதே பொருத்தம். டிகே அப்பட்டமான கருவித்தொகுதி.

தேர்வு என்று வரும்போது கிட்டின் 'கூடவே சுமந்து செல்வது' என்ற பொருளை நினைவில் வைப்பது நல்லது. தொகுப்பியும் (கம்பைலர்) பிழைநீக்கியும் (டிபக்கர்) உங்கள் கணினியிலேயே தங்கிவிடும். கருவித்தொகுதி மென்பொருளோடு பயனர் கணினிக்குப் போகிறது. முதல் அடி விழுவதும் அங்கேதான். விண்டோஸில் கியூட் நிரலின் இயங்குகோப்பை மட்டும் வேறு கணினிக்கு நகலெடுத்தால் திறக்காது. நிரலகங்கள் அடங்கிய டிஎல்எல் கோப்புகளைச் சேர்த்துவிட்டாலும், இயங்குதளச் செருகு நிரலைக் காணவில்லை என்று சொல்லி நின்றுவிடும். 'பிளாட்ஃபார்ம்ஸ்' அடைவும் அதற்குள் 'கியூவிண்டோஸ்' டிஎல்எல்லும் இயங்குகோப்பின் பக்கத்தில் இருக்க வேண்டும். கியூட்டுடன் வரும் வின்டிப்ளாய்கியூட் கருவி இதைச் செய்துதரும். ஜிடிகேயை விண்டோஸுக்கு எடுத்துச் செல்லும்போது அமைப்புகளின் விவரம் அடங்கிய, தொகுக்கப்பட்ட ஜிசெட்டிங்ஸ் ஸ்கீமா கோப்பு விடுபட்டுப்போகும். நிரல் நன்றாகவே திறக்கும். பயனர் 'கோப்பைத் திற' என்று சொடுக்கியதும் விழுந்துவிடும். ஆகவே பொதி கட்டியபின், கருவித்தொகுதி நிறுவப்படாத கணினியில் கோப்புத் தெரிவுச் சாளரத்தை ஒருமுறையாவது திறந்து பாருங்கள்.

உறுப்புகளை யார் வரைகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் பெரும்பாலும் இயங்குதளத்தின் சொந்த உறுப்புகளையே பயன்படுத்தும்: விண்டோஸில் வின்32, மேக்கில் கோகோ, லினக்ஸில் ஜிடிகே. தோற்றம் இயல்பாக இருக்கும். ஆனால் ஒரே நிரல் மூன்று தளத்திலும் சிறுசிறு வேறுபாடுகளோடு நடந்துகொள்ளும், மூன்றிலும் சோதிக்கத்தான் வேண்டும். கியூட், ஜிடிகே, ஸ்விங் தாமே வரைகின்றன. எங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்ளும். பதிலுக்கு, பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பானுக்கு வேண்டிய தகவலையும் தாமே தர வேண்டும். விண்டோஸில் என்விடிஏ, லினக்ஸில் ஓர்கா என்ற திரைவாசிப்பான் கொண்டு ஒரு படிவத்தை நிரப்பிப் பார்த்தால் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

தமிழ் காட்ட வேண்டிய மென்பொருளுக்கு, என் கணிப்பில், எழுத்து வடிவமைப்புதான் முதல் வடிகட்டி. 'கொ' என்பது நினைவகத்தில் க, ொ என இரண்டு குறியெண்கள். திரையில் கொம்பு முன்னே, கால் பின்னே பிரிந்து நிற்க வேண்டும். இந்த வேலையை கியூட்டிலும் ஜிடிகேயின் உரைப்பகுதியான பாங்கோவிலும் ஹார்ஃப்பஸ் என்ற நிரலகம் செய்கிறது. லினக்ஸில் டிகே 8.6 இதைச் செய்வதில்லை. கொம்பு இடம் மாறி நிற்கும். அதே நிரல் விண்டோஸிலும் மேக்கிலும் சரியாகக் காட்டும், இயங்குதளமே வடிவமைத்துக் கொடுப்பதால். 'கொ, கௌ, க்ஷ, ஸ்ரீ' என்ற வரியை ஓர் உரைப்பெட்டியில் ஒட்டி, சுட்டுக்குறியை அம்பு விசையால் நகர்த்தி, பின்னழிப்பு விசையை அழுத்திப் பாருங்கள். இன்னொரு சிக்கல் தேடலில்: 'கொ'வை க, ெ, ா என மூன்று குறியெண்களாகவும் எழுதலாம், திரையில் வேறுபாடு தெரியாது, தேடினால் அகப்படாது. எந்தக் கருவித்தொகுதியானாலும், ஒப்பிடும் முன் இருபுறத்தையும் யூனிகோடின் என்எஃப்சி என்ற ஒருங்கிணைந்த வடிவத்துக்குக் கொண்டுவருவது உங்கள் நிரலின் பொறுப்பு.

உறுப்புகளைப் பிக்செல் எண் கொடுத்து நிறுத்தாமல் இடத்தைத் தானே கணக்கிடும் தளவமைப்பு மேலாளரிடம் விடுங்கள். எண் கொடுத்து வைத்த பொத்தானில் 'இரத்து செய்' பாதியில் வெட்டுப்படும். டிகேயில் ஒரே தாய் உறுப்புக்குள் பேக், கிரிட் என்ற இரு தளவமைப்பு மேலாளர்களையும் கலக்கக்கூடாது. பழைய பதிப்புகளில் அவை ஒன்றையொன்று திருத்திக்கொண்டே நிரலை உறையவைக்கும், 8.6 பிழைச்செய்தி தரும்.

உறைதலுக்குப் பொதுவான காரணம் வேறு. பொத்தானின் செயற்கூற்றிலேயே பெரிய கோப்பைப் படிக்கவோ வலையில் தரவிறக்கவோ செய்தால் நிகழ்வுச் சுழல் நின்று, சாளரம் வெளிறிப்போகும். வேலையைத் தனி இழையில் (த்ரெட்) ஓட்டி, முடிவை மட்டும் முதன்மை இழைக்கு அனுப்ப வேண்டும்: கியூட்டில் சிக்னல், ஜிடிகேயில் ஐடில் அழைப்பு, டிகேயில் வரிசையும் 'ஆஃப்டர்' அழைப்பும். பின்னணி இழையிலிருந்து உறுப்பை நேரடியாகத் தொட்டால் சிலநேரம் ஓடும், சிலநேரம் விழும். அந்தப் பிழையைத் தேடிப் பிடிப்பது நரகம்.

உரிமத்தை முதல் நாளே பாருங்கள். ஜிடிகே எல்ஜிபிஎல், மூடிய மென்பொருளிலும் பயன்படுத்தவிடும் திறமூல உரிமம். கியூட்டின் பெரும்பகுதியும் அப்படியே, வணிக உரிமமும் உண்டு. சில கூறுகள் மட்டும் ஜிபிஎல், உங்கள் மூலநிரலையும் திறக்கக் கேட்கும் உரிமம். கியூட்டைப் பைத்தானில் பயன்படுத்த இரண்டு இணைப்புகள் உண்டு: பைக்யூட் ஜிபிஎல் அல்லது வணிக உரிமத்தில் வருகிறது, பைசைடு எல்ஜிபிஎல்லில். மூலநிரலை வெளியிடாமல் விற்க நினைப்பவர் பைக்யூட்டில் எழுதி முடித்தபின் உரிமத்தைப் படித்தால், வணிக உரிமம் வாங்கலாம் அல்லது பைசைடுக்கு மாறலாம். பெரும்பாலான வரிகள் அப்படியே ஓடும். சிக்னல் அறிவிப்பு போன்ற இடங்களைக் கையால் திருத்த வேண்டிவரும்.