'தாய்மொழி' என்று கேட்டால், எழுதப் படிக்கத் தெரிந்ததைச் சொல்லாதீர்கள்

பேச்சுப் பயிற்சிக்குக் குழந்தையை அழைத்து வருகிறவர்களிடம் முதல் நாளே ஒரு படிவம் கொடுப்போம். அதில் 'தாய்மொழி' என்ற கட்டத்துக்கு வரும்போது வடசென்னையின் கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்துப் பெற்றோர் பலர் தயங்குவார்கள். "வீட்ல தெலுங்குதான் மேடம். ஆனா எழுதப் படிக்க வராது. தமிழ்னே போட்டுக்குங்க" என்பார்கள். மண்ணடியில் உருது பேசும் வீடுகளிலும், சௌகார்பேட்டையில் மார்வாடி பேசும் வீடுகளிலும் இதே தயக்கம் உண்டு. சிலர் கூச்சப்பட்டு 'இங்கிலீஷ்' என்றே எழுதிவிடுவார்கள்.

தாய்மொழிக்கும் எழுதப் படிப்பதற்கும் தொடர்பே இல்லை. குழந்தைப் பருவத்தில் ஒருவரிடம் அவருடைய தாய் பேசிய மொழி எதுவோ அதுதான் தாய்மொழி என்கிறது நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. தாய் முன்பே இறந்திருந்தால், அந்த வயதில் வீட்டில் முக்கியமாகப் பேசப்பட்ட மொழி. 2011 கணக்கெடுப்பில் மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. சரிபார்த்துத் தொகுத்த பிறகும் 1,369 மிஞ்சின. அவற்றில் எத்தனையோ மொழிகளுக்குப் பள்ளிப் பாடநூல் கிடையாது.

என் வேலைக்கு இந்த வரையறைகூடப் போதாது. இந்தப் பிள்ளையிடம் நாள் முழுக்க யார், எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பது எனக்குத் தெரிய வேண்டும். அம்மா வேலைக்குப் போய்விட, அவ்வாவிடம் (தெலுங்கில் பாட்டி) வளரும் பிள்ளைக்கு அவ்வாவின் தெலுங்குதான் முதல் மொழி. அதை மறைத்துத் 'தமிழ்' என்று எழுதினால் சோதனை முழுவதும் தமிழிலேயே நடக்கும். தமிழில் இருபது சொல்லும் தெலுங்கில் முப்பது சொல்லும் தெரிந்த இரண்டு வயதுப் பிள்ளை அங்கே இருபது சொல்லோடு பின்தங்கி நிற்பான். உண்மையில் அவனிடம் இருப்பது ஐம்பது. தமிழில் 'தண்ணி', அதற்கே தெலுங்கில் 'நீள்ளு', இரண்டையும் தனித்தனிச் சொல்லாகவே எண்ண வேண்டும். இரண்டு வயதில் நாங்கள் எதிர்பார்ப்பதும் ஏறத்தாழ ஐம்பதுதான்.

இதைவிட எனக்கு வேதனை தருவது வேறொன்று. பிள்ளை பேசத் தாமதித்தால், "வீட்ல ஒண்ணு, ஸ்கூல்ல ஒண்ணுன்னா குழம்பிப் போவான், இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். படித்தவர்களும் சொல்கிறார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. உண்மையிலேயே மொழிக் குறைபாடு இருந்தால் அது இரண்டு மொழியிலும் தெரியும். ஒன்றை நிறுத்தினால் மற்றது வேகமாக வந்துவிடாது. கலந்து பேசுவதும் குழப்பத்தின் அடையாளம் அல்ல. 'நைனா', 'டப்பு' என்று தெலுங்கிலிருந்தும் 'ஜல்தி', 'பேஜார்' என்று உருதுவிலிருந்தும் வாங்கிச் செழித்ததுதானே நம் வடசென்னைத் தமிழ்?

அந்த அறிவுரையை நம்பிய வீட்டில் அம்மாவின் பேச்சு "கம், சிட், ஈட், நோ" என்பதோடு நின்றுவிடுகிறது. தன் மொழியில் என்றால், காசிமேட்டில் வாங்கிய மீனை ஆய்ந்துகொண்டே செதில், செவுள், முள் என்று ஒவ்வொன்றையும் காட்டிப் பேசியிருப்பார். கொஞ்சியிருப்பார், திட்டியிருப்பார், கதை சொல்லியிருப்பார். மொழி வளர்வது அந்த ஓயாத பேச்சில்தான். இங்கிலீஷ் தெரியாத அவ்வாவோ ஒரேயடியாக வாயை மூடிக்கொள்கிறார். கேட்டுக் கேட்டுக் கற்க வேண்டிய பிள்ளையின் காதில் விழும் பேச்சே பாதியாகிவிடுகிறது.

பழத்தைப் 'பயம்' என்று சொல்லும் பிள்ளையையும், "நாக்கு தடிச்சிருக்கு, ழ வரல" என்று கூட்டி வருகிறார்கள். வீட்டிலும் தெருவிலும் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றால் அது குறைபாடு அல்ல, வட்டாரப் பேச்சு. சிகிச்சை வேண்டாம். பள்ளித் தமிழைக் கூடுதலாகக் கற்றுக்கொள்வான்.

ஆனால் எந்த மொழி வீடானாலும் சில அறிகுறிகளைக் கண்டால் காத்திருக்கக் கூடாது. ஒரு வயதில் 'பபா, தத்தா' போன்ற மழலையோ, விரல் நீட்டிக் காட்டுவதோ இல்லாவிட்டால், ஒன்றரை வயதாகியும் எந்த மொழியிலும் ஒரு சொல்கூட வராவிட்டால், இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால், உடனே காட்டுங்கள். வந்த பேச்சு நின்றுபோனால் எந்த வயதிலும் உடனே காட்டுங்கள். "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று நாக்கில் வசம்பு உரசிக்கொண்டிருக்காதீர்கள். முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டான்லி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. காதில் ஒலி கொடுத்து, நரம்பும் மூளையும் அதற்குப் பதில் தருகின்றனவா என்று பார்க்கும் பேரா (BERA) பரிசோதனையைக் குழந்தை தூங்கும்போதே செய்யலாம். செவிக்கருவியும் போதாத அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்திருந்தால், 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உட்செவியில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை உண்டு. ஆறு வரை தள்ளிப்போடாதீர்கள். எவ்வளவு முன்னதாகச் செய்கிறோமோ, பேச்சு அவ்வளவு நன்றாக வரும்.

வரும்போது, பிள்ளையை நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் அவ்வாவையோ, உருது வீட்டுப் பாட்டியான நானியையோ கூட அழைத்து வாருங்கள். அவர்கள் மொழி எங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வீட்டில் சோறு ஊட்டும்போது பிள்ளை பேசுவதை, நடுவில் திருத்தாமல், செல்போனில் பதிவு செய்து கொண்டு வந்தால், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லுக்கும் அவர்களே எங்களுக்குப் பொருள் சொல்லிவிடுவார்கள்.