மிதி கால்வாயில் மிதிக்கப் போகிறவர்களுக்கு

போன செப்டம்பரில் ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் வந்தார். வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துக் கிடந்தன, சட்டைப் பொத்தான் போட மனைவியைக் கூப்பிட வேண்டியிருந்தது. கழுத்தில் நரம்பு ஏதோ மாட்டிக்கொண்டது என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார். பேச்சோடு பேச்சாகக் கேட்டால், தெற்கு பிரான்சில் துலூஸிலிருந்து செத் வரை ‘மிதி’ (Midi) என்ற பெயருள்ள கால்வாயின் கரையோரமாக 240 கிலோமீட்டரை ஐந்தே நாளில் சைக்கிளில் முடித்துவிட்டு முந்தின வாரம்தான் திரும்பியிருக்கிறார். அதைச் சொல்லவே அவருக்குத் தோன்றவில்லை. “அதில் என்ன இருக்கிறது? மேடே கிடையாது, காரே கிடையாது” என்றார்.

நான் பிரான்சில் பிசியோதெரபிஸ்ட். இங்கே எங்களை ‘கினே’ என்பார்கள். கோடை முடியும்போது இதே பேச்சை வருடா வருடம் கேட்கிறேன். பாரிஸ் புறநகர்த் தமிழ்க் குடும்பங்களும் இப்போது வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு கிராமப்புறம் பக்கம் போக ஆரம்பித்துவிட்டதால் தமிழிலும் எழுதிவிடலாம் என்று தோன்றியது. போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நானே போகிறவன்தான்.

இந்தப் பாதைகளுக்கு ‘வ்வா வெர்த்’ என்று பெயர், பசுமை வழி. மோட்டார் வண்டிகளை விலக்கி, சைக்கிள்காரர், நடப்பவர், குதிரையில் வருபவர் ஆகியோருக்கு ஒதுக்கிய வழி என்று 2004-இல் போக்குவரத்துச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். ஆனால் பாதை அதற்கு முன்பே வந்துவிட்டது. பர்கண்டியில் ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர், 1997-இல் திறந்தார்கள், நாட்டின் முதல் பசுமை வழி அதுதான். ஒரு பக்கம் திராட்சைத் தோட்டம், இன்னொரு பக்கம் வெள்ளை ஷரோலே மாடுகள், நடுவில் நீங்கள். அது ஒரு காலத்தில் ரயில் போன தடம். 1879-இல் ஃப்ரேசினே என்ற அமைச்சர் சின்னச் சின்ன நிர்வாக ஊர்களுக்கெல்லாம் ரயில் விடவேண்டும் என்று பெரிய திட்டம் போட்டார். காரும் லாரியும் வந்த பிறகு கிளைப் பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, தண்டவாளத்தைப் பிடுங்கிய பின் தடம் மட்டும் மிஞ்சியது. பசுமை வழிகளில் பல அப்படி மிஞ்சிய தடங்கள்தான். மற்ற பலவும் கால்வாயில் படகை இழுத்த குதிரைகள் நடந்த கரை.

ரயிலுக்கும் படகுக்கும் சரிவு ஆகாது. ரயில் தடத்தில் மூன்று சதவீதத்துக்கு மேல் ஏற்றம் பார்ப்பது அபூர்வம், கால்வாய்க் கரையில் மடையடைப்பு (படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) வரும் இடத்தில் ஒரு சின்ன எழும்பல், அவ்வளவுதான். சுகம்தானே என்பீர்கள். உடம்புக்கு அங்கேதான் சிக்கல்.

மலைப்பாதையில் இறக்கம் வந்தால் மிதிப்பதை நிறுத்துவோம், ஏற்றத்தில் சீட்டைவிட்டு எழுந்து நிற்போம், ஊருக்குள் சிக்னலில் காலை ஊன்றுவோம். நாம் கவனிக்காமலேயே உடம்பு இப்படி நூறு தடவை இடம் மாறிக்கொள்ளும். சமதளப் பசுமை வழியில் இது எதுவும் நடக்காது. நிமிடத்துக்கு 75 சுற்று என்று ஐந்து மணி நேரம் மிதித்தால் ஒரு முழங்கால் 22,500 தடவை மடங்கி நீள்கிறது, அவ்வளவு நேரமும் பிருஷ்டம் சீட்டின் அதே இடத்தில், உள்ளங்கை கைப்பிடியின் அதே இடத்தில்.

என்னிடம் வந்தவருக்கு அழுந்தியது அல்நார் நரம்பு. சுண்டு விரல் பக்கமாக மணிக்கட்டைத் தாண்டி உள்ளங்கைக்குள் நுழையும் இடத்தில் அதற்கு ஒரு குறுகிய சந்து உண்டு. அதன் பெயர் ‘கியோன் கால்வாய்’, பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஒருவர் பெயரில். கால்வாய்க் கரையில் போனவருக்குக் கைக் கால்வாயில் நெரிசல் என்றேன், அவருக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பு எடையைக் கையில் சாய்த்து, மணிக்கட்டைப் பின்னுக்கு வளைத்து மணிக்கணக்காகப் பிடித்தால் கைப்பிடி அந்தச் சந்தை நசுக்கும். கீழே பாதை குலுக்கினால் இன்னும் மோசம்.

மிதி கால்வாயில் குலுக்கலுக்குக் குறையே இல்லை. துலூஸிலிருந்து கிளம்பி முதல் ஐம்பது கிலோமீட்டர் வழுவழுவென்ற தார், சாதாரண சைக்கிளே போதும். ஓத் மாவட்டத்துக்குள் நுழைந்ததும் நிலைமை மாறிவிடுகிறது: மண் தடம், ஒற்றையடிப் பாதை, மரங்களின் வேர்கள். நானும் ஒரு தடவை மெல்லிய டயரில் காற்றைக் கல்லு மாதிரி அடித்துக்கொண்டு போய், கார்கசோன் வந்து சேர்வதற்குள் பல் ஆடிப்போனவன். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் துலூஸின் மறுபக்கத்தைத்தான் சொல்வேன், அட்லாண்டிக் திசையில் போகும் கரோன் கால்வாய், 193 கிலோமீட்டர், பெரும்பாலும் தார். மிதி அளவுக்குப் புகழ் கிடையாது, கூட்டமும் கிடையாது.

கைக்கு என்ன செய்வது? டயர் 40 மில்லிமீட்டர் அகலமாவது இருக்கட்டும், காற்றைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். கைப்பிடியை உயர்த்துங்கள், மணிக்கட்டு நேராக நிற்கவேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பிடியை மாற்றுங்கள். மரத்துப்போவது இறங்கி உதறினால் போய்விடும் என்றால் பயமில்லை. இரண்டு மூன்று நாளாகியும் போகவில்லை என்றாலோ, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நீட்டாகப் பிடித்த காகிதத்தை இன்னொருவர் இழுக்கும்போது கட்டைவிரல் நுனி மடங்கிக்கொள்கிறது என்றாலோ தசையும் சோர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது சைக்கிளை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகவேண்டும். செப்டம்பரில் என்னிடம் வந்தவருக்குக் குணமாக மூன்று மாதம் ஆயிற்று.

அடுத்தது யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து கால்களுக்கு நடுவே மரத்துப்போவது. ஆண்களுக்கும் வரும், பெண்களுக்கும் வரும், முழங்கால் வலி என்று வந்து கதவருகில் போன பிறகு திரும்பி நின்று மெல்லக் கேட்பார்கள். பஞ்சு மாதிரி மெத்தென்ற ஜெல் சீட் வாங்கினால் தீரும் என்று நினைக்காதீர்கள், உட்காரும் எலும்பு அதில் அமுங்க அமுங்க நடுப்பகுதிதான் அழுத்தத்தை வாங்கும். சீட் மூக்கு மேல் நோக்கி இல்லாமல் பார்த்துக்கொண்டு, கால் மணிக்கு ஒரு தடவை பெடலில் எழுந்து நின்று இருபது மிதி மிதியுங்கள். மேடு இல்லாத ஊரில் மேட்டை நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

முழங்காலுக்கு வாடகைக் கடையில் ஐந்து நிமிடம் செலவழித்தால் போதும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கவேண்டும், சுமார் 30 டிகிரி. சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும், அதிகமாக உயர்ந்திருந்தால் பின்பக்கம் இழுக்கும், இடுப்பும் இருபுறம் ஆடும். வாடகை சைக்கிளில் இறங்கி நிற்கச் சுலபம் என்று தாழ்த்தியே கொடுப்பார்கள், நாமும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

எலும்பு முறிவோடு வருகிறவர்களில் கார் மோதியவர் யாரையும் இந்த வழிகளில் நான் பார்த்ததில்லை. காரைத் தடுக்க வைத்த கம்பத்தில் மோதியவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். பசுமை வழி தார்ச்சாலையைக் குறுக்கிடும் இடங்களில் கம்பமோ, எதிரெதிராக இரண்டு அரைக் கதவோ இருக்கும். வெறும் சைக்கிள் நுழையும், பின்சக்கரத்தில் தொங்கும் பை நுழையாது. பேசிக்கொண்டே இரண்டு பேர் இணையாக வருவார்கள், பை மாட்டும், கீழே விழும்போது கையை ஊன்றுவார்கள், மணிக்கட்டு போய்விடும். இரண்டு மணி நேரம் காரையே பார்க்காதவர்களுக்குக் கார் என்ற ஒன்று இருப்பதே மறந்துவிடுகிறது, அதே குறுக்கிடும் இடத்தில் சாலைக்கு வழிவிட வேண்டியவர் பெரும்பாலும் சைக்கிள்காரர்தான். குழந்தைகளோடு போகிறவர்கள் அந்த இடத்தில் எல்லாரையும் இறக்கி நடத்திவிடுங்கள். 12 வயதுக்குக் கீழே ஹெல்மெட் கட்டாயம், 2017 முதல் சட்டம். என்னைக் கேட்டால் தாத்தாவுக்கும் போடுங்கள்.

‘லுவார் அ வெலோ’ என்று 900 கிலோமீட்டர் வழி ஒன்று இருக்கிறது, கோட்டைகளைப் பார்த்துக்கொண்டே போகலாம், அருமையானது. ஆனால் அது முழுக்கக் காரில்லாத வழி அல்ல, கணிசமான தூரம் கிராமச் சாலைகளில் போகிறது. வரைபடத்தைப் பார்க்காமல் ஐந்து வயதுக் குழந்தையோடு கிளம்பிவிட்டு, நடுவழியில் ட்ராக்டருக்கு ஒதுங்கி நின்றவர்கள் உண்டு. சின்னக் குழந்தைகளுக்கு தியேப் பக்கத்திலிருந்து ஃபோர்ஜ்-லெ-ஸோ வரை போகும் பழைய ரயில் தடம் நல்லது, லண்டன்–பாரிஸ் வழியின் ஒரு பகுதி.

வெயில். மிதி கால்வாயின் பிளேன் மரங்களை ஒரு பூஞ்சை நோய் தாக்குகிறது, 2006-இல் கண்டுபிடித்தது முதல் ஆயிரக்கணக்கில் வெட்டியாயிற்று. பழைய புகைப்படத்தில் பார்க்கும் நிழல் பல இடங்களில் இப்போது இல்லை. கால்வாய் போய் முடியும் எரோ மாவட்டத்தில் 2019 ஜூன் 28 அன்று 46 டிகிரி அடித்தது. ஞாயிறு மதியம் கிராமத்தில் கடை எதுவும் திறந்திருக்காது, திங்கட்கிழமை ரொட்டிக் கடையும் பல ஊர்களில் விடுமுறை. தண்ணீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள், அங்கே குழாய் இருக்கும். ‘குடிக்க உகந்ததல்ல’ என்ற பலகை இல்லையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நம்மவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள், மயக்கம் போட்டு விழுவதற்கு அது எவ்வளவோ மேல்.

குளிரும் உண்டு, வெயில் காலத்திலேயே. க்ளூனிக்குத் தெற்கே புவா க்ளேர் சுரங்கம் 1,600 மீட்டர் நீளம். வியர்வையில் நனைந்த சட்டையோடு நுழைந்தால் தொடை பிடித்துக்கொள்ளும், வாசலிலேயே ஒரு ஜாக்கெட்டை மாட்டிக்கொள்ளுங்கள், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள். பனிக்காலத்தில் வவ்வால்கள் தூங்குவதற்காகச் சுரங்கத்தை மூடிவிடுவார்கள், அப்போது மேலே மலையேறித்தான் போகவேண்டும்.

விழுந்துவிட்டால் அவசர உதவி எண் 112. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள், கால்வாய்க் கரைக்குத் தெருப் பெயர் ஏது? கடைசியாகத் தாண்டிய மடையடைப்பின் பெயரை, அல்லது கடைசிக் கிராமத்தின் பெயரை ஒவ்வொரு தடவையும் மனதில் வைத்துக்கொண்டே போங்கள்.

அப்புறம், மின்சார சைக்கிள் எடுத்தால் இதெல்லாம் வராதா என்று கேட்கிறார்கள். முழங்கால் தப்பிக்கும், கையும் சீட்டும் அப்படியேதான். இந்த இரண்டு வருடமாகப் புதிதாக ஒன்று வருகிறது, இடுப்புப் பிடிப்பு. பாதையில் ஒன்றும் ஆகியிருக்காது, திரும்பி வரும்போது சின்ன ஸ்டேஷனில் லிஃப்ட் இருக்காது, இருபத்தைந்து கிலோ வண்டியைப் பையோடு தூக்கிக்கொண்டு படியேறியிருப்பார்கள். முதலில் பைகளைக் கழற்றுங்கள், பிறகு பேட்டரியை. பிறகு இரண்டு பேராகத் தூக்குங்கள், ரயில் போனால் அடுத்ததில் போகலாம்.