தண்டம்: படையும் அபராதமும் வீண்செலவும்

ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கும் என்று நம்பி விட்ட நாற்று தண்ணீரின்றிக் கருகிவிட்டால், உழவுக்கும் விதைக்கும் போட்ட பணத்தைத் தஞ்சை வட்டாரத்தில் ‘தண்டச் செலவு’ என்பார்கள். இதன் முன்பகுதியான ‘தண்டம்’ வடமொழிச் சொல். கோல் என்பது அதன் முதற்பொருள். கோலோச்சுபவர் தரும் தண்டனை, அதற்காகக் கட்டும் அபராதம், அவருடைய ஆணையை நிறைவேற்றும் படை ஆகிய மூன்றும் பிறகு அதற்குள் வந்து சேர்ந்தன. அரசின் ஏழு உறுப்புகளில் ஒன்றான படையை அர்த்தசாத்திரம் தண்டம் என்றே குறித்து, அதற்குக் கருவூலமே வேர் என்கிறது. சோழர் கல்வெட்டுகளின் தண்டநாயகர் படைத்தலைவர். ‘தண்டெடுத்து வந்தான்’ என்ற வழக்கும் படையெடுப்பையே சுட்டும். பயனற்ற செலவு என்னும் பொருள் அபராதத்தின் வழியே வந்தது எனக் கொள்வதே பொருத்தம். வரி வசூலிப்பதைக் குறிக்கும் ‘வரி தண்டுதலையும்’ இதே வேரில் சேர்க்க ஆசை எழும். ஒலி ஒப்புமை மட்டும் அதற்குச் சான்றாகாது.

ஆனால் நடைமுறையில் படையும் வரியும் பிரிந்திருந்ததில்லை. ஆந்திரக் கடலோரத்து வேங்கி நாட்டுப் போருக்காக வீரராசேந்திர சோழன் நிலம் வேலி ஒன்றுக்கு ஒரு கழஞ்சு (பழைய எடையளவு) பொன் வாங்கினான். வேலி என்பது 20 மா, ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர். அந்தச் சுமை குடிகளின் கண்ணுக்காவது தெரிந்தது. இட்லரின் ஜெர்மனியோ அதை மறைத்தது: பெயரளவு நிறுவனம் ஒன்றின் பேரில் ‘மெஃபோ’ உண்டியல்களை, அதாவது பிறகு பணம் தருவதாக உறுதி கூறும் கடன்சீட்டுகளை, எழுதி ஆயுத ஆலைகளுக்குக் கொடுத்ததால், 1938-க்குள் சுமார் 1,200 கோடி மார்க் கடன் வரவுசெலவுக் கணக்கில் ஏறாமலே சேர்ந்தது. இனியும் இப்படிச் செலவிட்டால் நாணயம் நிலைகுலையும் என்று எச்சரித்த மத்திய வங்கித் தலைவர் ஷாக்ட் 1939 ஜனவரியில் நீக்கப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டே ஆஸ்திரியாவின் பொன் இருப்பு பெர்லினுக்குப் போயிருந்தது. கடன்பட்ட படைக்கு அண்டை நாட்டுக் கருவூலம் தேவைப்படுவதில் வியப்பில்லை.

2024-இல் ரஷ்யாவின் படைச்செலவு அந்நாட்டு மொத்த உற்பத்தியில் 7.1 விழுக்காடு என ஸ்டாக்ஹோம் பன்னாட்டு அமைதி ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், விலைவாசியை அடக்க அந்நாட்டு மத்திய வங்கி வட்டியை 21 விழுக்காடாக்கியது. படைக்குச் செல்லும் பணத்துக்கான விலையை வீட்டுக்கடன் வாங்குபவரும் சிறுதொழில் செய்பவரும் கொடுத்தனர்.

தமிழாக்கத்தில் தண்டத்துக்குப் படை அல்லது தானை என்றும், அபராதப் பொருளில் ஒறுப்பு என்றும் எழுதலாம். தண்டச் செலவை ‘வெட்டிச் செலவு’ என்பார் உண்டு. வெட்டியும் சோழர் காலத்தில் கூலியில்லா ஊழியத்தின் பெயர்தான். பிற நாட்டை மிரட்டப் படை பெருக்கும் செலவுக்குப் ‘படைப்பெருக்கச் செலவு’ என்பதே என் தேர்வு. தற்காப்புக்கான வழக்கமான ஒதுக்கீட்டைப் ‘பாதுகாப்புச் செலவு’ என்று தனியே வைத்துக்கொள்ளலாம்.