குமிழி இறங்கும் ஆழம்

அணை நிறையத் தண்ணீர் இருக்கும்போது அதை டர்பைனுக்கு அனுப்பாமல் மதகு வழியே ஆற்றில் திறந்துவிடுவது மின்சாரத்தை வீணாக்குவது ஆகாதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அமெரிக்காவின் வடமேற்கில் ஓடும் கொலம்பியா ஆற்றிலும் அதன் துணையாறான ஸ்நேக் ஆற்றிலும் வசந்த காலந்தோறும் இது தெரிந்தேதான் செய்யப்படுகிறது. மீன்களுக்காகத் திறக்கப்படும் அந்தத் தண்ணீருக்குள் நடப்பது, நம் பள்ளிப் பாடத்தில் வந்த ஒரு விதியின் அழகான விளையாட்டு.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சால்மன் மீன்கள் நன்னீரில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஓடைக்கே திரும்புபவை. ஐடஹோ மாநில மலைகளில் பிறக்கும் குஞ்சு கடலை அடைய, ஸ்நேக் ஆற்றில் நான்கும் கொலம்பியாவில் நான்குமாக எட்டு அணைகளைத் தாண்ட வேண்டும். 1991இல் ஸ்நேக் ஆற்றின் சாக்கை சால்மன், 1973ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. அடுத்த ஆண்டு, கடலிலிருந்து ஏறத்தாழ 1,450 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரெட்ஃபிஷ் ஏரிக்கு ஏறி வந்து சேர்ந்தது ஒரே ஒரு ஆண் மீன். அதன் விந்தைச் சேமித்து, தொட்டிகளில் வளர்த்த மீன்களோடு சேர்த்துத்தான் அந்த இனத்தின் வழி காக்கப்பட்டது.

மேலேறும் பெரிய மீன்களுக்கு இந்த எட்டு அணைகளிலும் படிக்கட்டு போன்ற நீர்வழிகள் உண்டு. சிக்கல், கீழிறங்கும் விரல் நீளக் குஞ்சுகளுக்குத்தான். டர்பைனுக்குள் போகும் குஞ்சு அலகுகளில் அடிபடலாம். அடிபடாமல் தப்பினாலும், நொடிப்பொழுதில் அழுத்தம் சட்டென்று குறைவதால் அதன் காற்றுப்பை வீங்கி உடல் சிதையலாம். மேற்பரப்பை ஒட்டி நீந்தும் குஞ்சுகளுக்கு மதகு இயல்பான வாசல். ஆகவே மதகைத் திறக்கிறார்கள்.

ஆனால் எவ்வளவு வேண்டுமானாலும் திறந்துவிட முடியாது. மதகிலிருந்து பாயும் நீர் அணையின் அடியிலுள்ள ஆழமான குட்டையில் விழும்போது கோடிக்கணக்கான காற்றுக் குமிழிகளைத் தன்னோடு இழுத்துக்கொண்டு கீழே போகிறது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல இரு மடங்கு. அழுத்தம் கூடினால் நீரில் கரையும் வாயுவின் அளவும் அதே விகிதத்தில் கூடும் என்பதுதான் ஹென்றி விதி. ஆகவே ஆழத்தில் குமிழியின் காற்று நீருக்குள் கரைந்து மறைகிறது. அந்த நீர் மறுபடி மேலே வரும்போது, தன்னால் தாங்கக்கூடியதைவிட அதிகமான வாயுவைச் சுமந்துகொண்டு, அதிதெவிட்டிய கரைசலாக நிற்கிறது. பாறைகளில் மோதிச் சலசலக்கும் ஆறாக இருந்தால் அந்த மிகுதி விரைவில் வெளியேறிவிடும். இங்கோ அடுத்த அணையின் தேக்கம் உடனே தொடங்கிவிடுகிறது. அசையாத அந்த நீர் வாயுவை அப்படியே அடுத்த மதகு வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இந்த நீரில் மூச்சுவிடும் மீனின் இரத்தத்திலும் திசுக்களிலும் அதே மிகுதி ஏறுகிறது. அது மேற்பரப்புக்கு வரும்போது, மூடி திறந்த சோடாப் புட்டியில் நடப்பதுபோல, துடுப்புகளிலும் கண்களைச் சுற்றியும் குமிழிகள் பிறக்கின்றன. ஆழ்கடல் முக்குளிப்போர் அவசரமாக மேலேறினால் வரும் நோய்க்கு இது நெருங்கிய உறவு.

என்னை மிகவும் கவர்வது இதற்கு மாற்றாக இருக்கும் கணக்கு. ஒவ்வொரு மீட்டர் ஆழமும் ஏறத்தாழ பத்து விழுக்காட்டு மிகுதியை ஈடுகட்டுகிறது. மேற்பரப்பில் நீர் தாங்கக்கூடிய அளவை 100 விழுக்காடு என்று வைத்தால், ஆற்றுநீரில் வாயு 120 விழுக்காடு இருந்தாலும், இரண்டு மீட்டர் ஆழத்தில் நீந்தும் மீனுக்கு அங்குள்ள அழுத்தமே வாயுவைக் கரைந்த நிலையில் பிடித்து வைத்திருக்கிறது. அதன் உடலில் குமிழி பிறப்பதில்லை. ஆக, ஒரே ஆறு மேலே நஞ்சாகவும் கொஞ்சம் கீழே பாதுகாப்பாகவும் இருக்கிறது. பொறியாளர்களின் தீர்வும் ஆழத்தைப் பற்றியதே. மதகின் சரிவில், கீழ்நீர் மட்டத்தை ஒட்டி, உதடு போன்ற ஒரு கான்கிரீட் விளிம்பைக் கட்டினார்கள். அதில் பட்ட நீர் செங்குத்தாகப் பாயாமல் மேற்பரப்பை ஒட்டிக் கிடையாக ஓடுகிறது. குமிழிகள் ஆழத்துக்குப் போவதில்லை என்பதால், அதே அளவு நீரைக் குறைந்த வாயுவோடு திறக்க முடிகிறது.

மின்சாரத்தின் பக்கத்துக்கு வருவோம். 2018 டிசம்பரில் ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களும் நெஸ் பெர்ஸ் பழங்குடியினரும் கூட்டரசு முகமைகளும் செய்துகொண்ட உடன்பாடு கடிகாரத்தைப் பயன்படுத்தியது. கலிபோர்னியாவின் சூரிய மின்சாரம் நண்பகலில் பெருகி விலை விழுகிறது. காலையிலும் மாலையிலும் தேவை ஏறுகிறது. எனவே விலை உயர்ந்த 8 மணி நேரம் மதகைக் குறைத்து மின்சாரம் எடுப்பது, மீதி 16 மணி நேரம், நீரில் கரைந்த வாயுவுக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்பை எட்டும் வரை மீனுக்காகத் திறப்பது என்று முடிவாயிற்று. வாசகரின் கேள்விக்கு என் பதில் இதில் இருக்கிறது: ஒரு கன மீட்டர் நீரின் மதிப்பு நேரத்துக்கு நேரம் மாறுவதால், மலிவான வேளையில் திறப்பதை வீண் என்று நான் சொல்லமாட்டேன். அதற்காக இழப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. மதகில் போன நீர் போனதுதான். இந்த அணைகளையும் மீன்களையும் பற்றிய வழக்குகளும் ஓயவில்லை. 2023 டிசம்பரில் எட்டப்பட்ட விரிவான ஒப்பந்தத்திலிருந்து 2025 ஜூனில் கூட்டரசு விலகியது. தகராறு மீண்டும் நீதிமன்றத்துக்குப் போனது.

இந்த வாதங்களில் இரு தரப்பும் நம்பியிருப்பது, குஞ்சுகளின் வயிற்றில் செலுத்தப்படும் அரிசிமணி அளவுச் சில்லுகளை. அவற்றில் மின்கலம் கிடையாது. அணையிலுள்ள ஆன்டெனாவைக் கடக்கும்போது அதன் காந்தப்புலத்திலிருந்தே ஆற்றல் பெற்றுத் தன் எண்ணைச் சொல்லும். இறங்கிய குஞ்சு சில ஆண்டுகள் கழித்து முதிர்ந்த மீனாகத் திரும்பினால்தான் அந்த ஒரு பதிவு முழுமை பெறும். இத்தகைய பொறுமையான அளவீட்டுக்கான நிதியை ஓராண்டு நிறுத்தினாலும் ஒரு தலைமுறை மீனின் கதை அறுந்துபோகும் என்பதால், அணைக்குச் செலவிடும் எந்த அரசும் இதை முதற்செலவாகக் கருத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வசந்தத்தில் வாயுவின் வரம்பு இப்போது 125 விழுக்காடு வரை உயர்த்தப்பட்டிருக்கிறது, ஒரு நிபந்தனையோடு: குஞ்சுகளைப் பிடித்து, மயக்கமூட்டி, ஒவ்வொன்றின் துடுப்பையும் உருப்பெருக்கியின் கீழ் விரித்துக் குமிழிகளைத் தேட வேண்டும். குறிப்பிட்ட விகிதத்துக்கு மேலான குஞ்சுகளில் குமிழிகள் தென்பட்டால் மதகைத் தாழ்த்திவிடுவார்கள்.